தூது போகாதவர்

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. காரணம் மரியாதை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் பயம். எப்படியாவது கண்ணில் பட்டு, நாக்பூரிலிருந்து போன் செய்து, "ஏனுங்க சார், என்னைப் பத்தி ஊருக்கெல்லாஞ் சொல்லிப்போட்டு எங்கிட்ட மட்டுஞ் சொல்லாம உட்டுட்டீங்களா?" என்று கேட்டுவிடுவார். அதற்கு என்னிடம் பதில் கிடையாது. எங்களோடு வேலை பார்த்த நான்கு வருடங்களிலும் அவர் கேட்ட எந்தக் கேள்விக்கும் என்னிடம் உடனடிப் பதில் இருந்ததில்லை.

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. பீளமேட்டில் இன்ஜினியரிங் படித்து, பத்து வருடம் அடுத்தவர் கம்பெனியில் சர்க்யூட் போட்டுவிட்டு, இனி நமக்கென்று ஒரு கம்பெனி என்று சரவணம்பட்டியில் ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டாவது மாடியில் கடை விரித்திருந்தேன். இருபது பேர். நூற்பாலை மோட்டார்களில் பொருத்தும் ஒரு சின்னப் பெட்டியைச் செய்தோம். மோட்டார் அளவுக்கு மேல் சூடானாலோ அதிர்ந்தாலோ பெட்டி கூவும்; மில்காரர்களின் போனுக்கும் எச்சரிக்கை போகும். 'இனி நேரில் போய்ப் பார்க்க வேண்டியதில்லை' என்பது எங்கள் விளம்பர வாசகம். எழுதியது நான்தான். பெட்டியைப் பற்றி எழுதியதாக எல்லோரும் நினைத்தார்கள். அது என் சொந்த வாழ்க்கைக் கொள்கை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

மோட்டார் எரிந்து புகை வந்தால்கூட எனக்குப் பதற்றம் வராது. எதிரில் இருப்பவர் முகம் கொஞ்சம் சுருங்கினால் போதும், வந்துவிடும். "ஒரு நிமிஷம் பேசணுங்க சார்" என்று யாராவது அறை வாசலில் நின்றால், அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, "சொல்லுங்க சொல்லுங்க" என்றபடியே நேராக பேட்டரி ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். யூபிஎஸ் பேட்டரிகள் வரிசையாக இருக்கும் சின்ன அறை அது. உள்ளே போனதற்கு ஒரு நியாயம் வேண்டுமே என்று பேட்டரிகளுக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவேன். கோவை மாவட்டத்திலேயே எங்கள் பேட்டரிகள் அளவுக்குக் கவனிப்புக் கண்ட பேட்டரிகள் இருந்திருக்க முடியாது.

அவரை வேலைக்கு எடுத்ததே இதற்காகத்தான். ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் ஒன்பது வருடம் முன்மேசையில் இருந்தவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். பயந்துகொண்டு வருகிறவர்களை உட்காரவைத்துப் பழகியவர் என்று கேள்விப்பட்டு வரச் சொன்னேன். நேர்காணலில் வேலையை விளக்கினேன்.

"நம்ம ஆளுங்ககிட்டப் பேசணும். பிரச்சனை வந்தா என்னன்னு பாக்கணும். அப்புறம் நான் என்ன நினைக்கறேங்கறத அவங்ககிட்டப் போய்ச் சொல்லணும். அவ்வளவுதான் மேடம்."

அவர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். "மொத ரெண்டையும் செய்யறேனுங்க. மூணாவதுதான் முடியாதுங்க."

"ஏனுங்க?"

"உங்க வார்த்தைய நான் தூக்கீட்டுப் போகமாட்டேனுங்க. அது உங்களுது. வேணும்னா கூட நடந்து வாரேன்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஏதோ அடக்கமாகப் பேசுகிறார் என்று நினைத்து அடுத்த வாரமே வரச் சொல்லிவிட்டேன். ஒரு கம்பெனி முதலாளி செய்யக்கூடாத தவறுகளில் முதலாவது, வேலைக்கு வருகிறவர் நேர்காணலில் உண்மையைச் சொல்லும்போது அதைக் காதில் வாங்காமல் விடுவது.

வந்த அன்றே கீழே கடைவீதியில் ஒரு நீலநிற பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிவந்தார். அவருக்கு மேசை நாற்காலி எல்லாம் கொடுத்திருந்தோம். அதில் பாதி நேரம்கூட உட்காரமாட்டார். யாரிடமாவது பேச வேண்டுமென்றால் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அவர்கள் மேசைக்குப் போய், பக்கத்தில் போட்டு உட்காருவார். நின்றுகொண்டு பேசினால் அவசரம் என்று நினைத்து ஆமாம் ஆமாம் என்று சொல்லிவிடுவார்களாம். உட்கார்ந்துவிட்டால் அவர் பேசமாட்டார், எதிரில் இருப்பவர் பேசும்வரை சும்மா இருப்பார். இந்தச் சும்மா இருப்பதுதான் தாங்க முடியாதது. பையன்கள் தங்களுக்குள், "டேய், ஸ்டூல் கெளம்பிருச்சு" என்று எச்சரிக்கை அனுப்பிக்கொள்வார்கள். எங்கள் பெட்டியைவிட வேகமாகப் போகும் எச்சரிக்கை.

தூது போகாத விஷயத்தில் அவருக்குச் சின்னது பெரியது கிடையாது. ஒருநாள் நான் போனை எடுக்கவில்லை என்று என் மனைவி ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிட்டு, "வர்றப்ப பால் வாங்கீட்டு வரச் சொல்லுங்க" என்றிருக்கிறாள். இவர், "லைன்ல இருங்க அம்மணி" என்று சொல்லிவிட்டு, கார்டுலெஸ் போனைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தார். நான் ஒரு வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்தேன். போனை என் முன்னால் நீட்டி, "உங்க ஊட்டுல இருந்துங்க. அவங்க சொல்லறத நீங்களே கேட்டுக்கங்க" என்றார். பால் என்ற ஒரு சொல்லைக்கூட அவர் சுமந்து வரவில்லை. அன்று வீட்டில், "அந்தம்மா நல்லவங்களாத் தெரியறாங்க" என்றாள் மனைவி.

பிறகு அந்த விற்பனைக்காரர் விவகாரம். விற்பனைக்கு எடுத்த ஒருவர், நாங்கள் செய்யாத பொருளையெல்லாம் செய்துதருவதாக வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று முறை சொல்லியும் மாறவில்லை. மூன்று முறையும் மெயிலில்தான் சொன்னேன். அனுப்பிவிடுவதென்று முடிவான பிறகு பதினொரு பத்தியில் ஒரு மெயில் எழுதினேன். அதில் அவருடைய வருங்காலம், எங்கள் நன்றி, நட்பு, குடும்ப நலன் எல்லாம் இருந்தது. வேலை போய்விட்டது என்ற விஷயம் ஒன்பதாவது பத்தியில் இருந்தது. அனுப்பும் முன் ஸ்டூல்காரரிடம் காட்டினேன். பொறுமையாகப் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கறீங்க. இதைப் படிக்கறப்ப அவரு எங்க இருப்பாருங்க?"

"எங்கன்னா?"

"பஸ்ஸுல நின்னுட்டு இருப்பாரா, ஊட்டுல புள்ளைக்குச் சோறு ஊட்டீட்டு இருப்பாரா? பக்கத்துல ஆரு இருப்பாங்க?"

நான் மெயிலை அனுப்பவில்லை. மறுநாள் விற்பனைக்காரரைக் கூப்பிட்டு நேரில் சொன்னேன். சொன்னேன் என்பது கொஞ்சம் மிகை. இரண்டாவது வாக்கியத்திலேயே என் குரல் உடைந்து, கை தட்டி மேசையிலிருந்த தண்ணீர் கொட்டியது. வேலை இழந்தவர்தான் எழுந்துபோய் எனக்கு வேறு தண்ணீர் கொண்டுவந்தார். "விடுங்க சார், எனக்கும் இங்க செட் ஆகல. உங்களுக்கு பிரஷர் இருக்கா? பாத்துக்கங்க" என்றார். என் அறைக் கண்ணாடிச் சுவருக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து இவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், "மொதத் தடவைக்குப் பரவால்லீங்க" என்றார்.

எங்கள் ஊர் வழக்கம் தெரிந்தவர்களுக்கு அடுத்தது இன்னும் நன்றாகப் புரியும். கொங்குப் பக்கம் கல்யாணமென்றால், வீடு வீடாகப் போய், தட்டில் வைத்துப் பத்திரிகை கொடுத்து, "அவசியம் வந்துருங்க" என்று வாயால் கூப்பிட வேண்டும். தபாலில் வந்தால் தகவல். கையில் வந்தால்தான் அழைப்பு. இதெல்லாம் பிறந்ததிலிருந்து பார்த்தவன்தான் நான். ஆனாலும் புதிய பெட்டியின் அறிமுக விழாவுக்கு நாற்பது மில்காரர்களை வாட்ஸ்ஆப்பில் கூப்பிட்டேன். அசையும் பூக்கள் போட்ட அழைப்பு. நாற்பது பேரில் முப்பத்தைந்து பேர் கும்பிடு பொம்மை அனுப்பினார்கள். நான் முப்பத்தைந்து நாற்காலி போட்டேன். வந்தது மூன்று பேர், அதில் ஒருவர் பேக்கரிக்கு வந்தவர், கேசரி வாசனைக்கு மேலே ஏறிவந்துவிட்டார்.

"உங்க கல்யாணத்துக்கு இப்புடித்தான் கூப்புட்டீங்களா?" என்று ஸ்டூலில் உட்கார்ந்தபடி கேட்டார் அவர்.

"அடுத்த தடவை நீங்க போய்க் குடுத்துட்டு வந்துருங்க மேடம்."

"நீங்க வெச்சாத்தானுங்க அது பத்திரிகை. நான் வெச்சா நோட்டீஸு."

கேசரியை நாங்களே நான்கு நாள் சாப்பிட்டோம்.

இப்படியே எழுதினால் அவர் எப்போதும் சரியாகவே இருந்தார் என்று தோன்றும். இல்லை. டெஸ்டிங்கில் ஒரு பெண் இருந்தாள், வாய் திறந்து பேசாதவள். இரண்டு ஆள் வேலை தன் தலையில் விழுகிறது, சாரிடம் சொல்லுங்கள் அக்கா என்று இவரிடம் கேட்டிருக்கிறாள். "நீயே சொல்லு கண்ணு, நான் கூட வாரேன்" என்றிருக்கிறார் இவர். அவளும் சரியென்று கிளம்பினாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. மூன்று தடவையும் இவர் ஸ்டூலோடு கூடவே என் அறை வாசல்வரை வந்தார். மூன்று தடவையும் நான் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பெண் இரண்டு வரி மெயில் அனுப்பிவிட்டு வராமல் நின்றுவிட்டாள்.

மறுநாள் மதியம் முழுக்க இவர் அந்தக் காலி மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் போய் நின்றேன். "ஒருக்கா நானே சொல்லித் தொலைச்சிருக்கலாமுங்க" என்றார். சாயங்காலம் பேட்டரி ரூம் பூட்டப்பட்டிருந்தது. சாவி அவர் மேசையில் ஓர் ஆணியில் தொங்கியது. வேண்டுமென்றால் போய்க் கேட்கலாம். கேட்டால், "எதுக்குங்க சார்?" என்பார். ரொம்ப நாள் நான் கேட்கவில்லை. பேட்டரிகள் ஒன்றும் செத்துப்போகவுமில்லை.

அவர் வேலையை விடுவதாகச் சொன்ன நாளையும் சொல்லிவிடுகிறேன். அன்று காலை பத்து மணிக்கு ஸ்டூல் கிளம்பியது. முதல் மேசை, இரண்டாவது மேசை, மூன்றாவது. ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு நிமிடம். அவர் எழுந்து போனதும் அந்தந்த ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. எனக்கு விஷயம் விளங்கிவிட்டது: ஒட்டுமொத்தமாக எல்லோரும் ராஜினாமா செய்யப் போகிறார்கள், தலைமை இவர். சாவி ஆணியில் ஆள் இல்லாமல் தொங்கியது. எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். மூன்று மணிக்குக் கதவு தட்டப்பட்டது. ஸ்டூலைப் பேட்டரிகளுக்கு நடுவே போட்டு உட்கார்ந்தார்.

"என்ற ஊட்டுக்காரருக்கு நாக்பூருக்கு மாத்தலாயிருச்சுங்க. அடுத்த மாசம் கெளம்பறோம். எல்லாத்துகிட்டயுஞ் சொல்லீட்டேன். உங்ககிட்டத்தான் கடைசி."

"எங்கிட்ட மொதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா நீங்க எல்லாத்துக்கும் மெயில் போட்டுருப்பீங்க."

சரி. இவ்வளவு நேரம் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று கவனித்தீர்களா? சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். சொல்ல வேண்டியது கதிர்வேல் விஷயம். அது அவர் போவதற்கு ஒரு வருடம் முன்பு நடந்தது.

எங்கள் பெட்டிக்குள் ஓடும் புரோகிராம் முழுவதையும் எழுதியவன் கதிர்வேல். சென்னிமலைப் பையன், இருபத்தேழு வயது, அதிர்ந்து பேசமாட்டான். ஒரு பெரிய மில்லில் சோதனைக்காக எட்டு மோட்டார்களில் எங்கள் பெட்டியைப் பொருத்தியிருந்தோம். ஒழுங்காக ஓடினால் மில் முழுவதும் நமக்குத்தான். மேனேஜர் நேரில் வந்து பார்க்கும் நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின நாள் எனக்கு ஒரு பயம் வந்தது. எட்டு மோட்டாரும் நன்றாக ஓடினால் பெட்டி சும்மா இருக்குமே, மேனேஜருக்கு எதைக் காட்டுவது? எச்சரிக்கை எந்தச் சூட்டில் கிளம்ப வேண்டும் என்பதற்கு ஓர் எண் உண்டு. ஆபீஸில் உட்கார்ந்தபடியே அந்த எண்ணைக் கொஞ்சம் குறைத்துவைத்தேன். ஒரு பெட்டியாவது கூவட்டுமே என்று. யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் எட்டும் சேர்ந்து கூவின. மில் ஆட்கள் நல்லவர்கள், எங்கள் பெட்டியை நம்பி எட்டு மெஷினையும் நிறுத்திவிட்டார்கள். ஓடிக்கொண்டிருந்த நூலெல்லாம் அறுந்து தொங்கியது. மேனேஜர் என் பக்கம் திரும்பி, "என்னங்க இது?" என்றார். சுற்றி அத்தனை பேர். பக்கத்தில் கதிர்வேல் லேப்டாப்போடு நின்றிருந்தான். என் வாய் திறந்தது. அதிலிருந்து வந்தது இது:

"பையன் டெஸ்ட் பண்ணாம கொண்டுவந்துட்டானுங்க சார். நான் பாத்துக்கறேன்."

அதோடு விடவில்லை, அவன் தோளில் தட்டியும் கொடுத்தேன். கதிர்வேல் என்னைப் பார்த்தான். அவன் லேப்டாப் திரையில் மாறிய எண்ணும், அதற்கு நேரே மாற்றியவன் என்று என் பெயரும் இருந்தன. அவன் மெதுவாக லேப்டாப்பை மூடினான். "சரி பண்ணிர்றேனுங்க சார்" என்று மேனேஜரிடம் சொன்னான்.

பத்தாம் நாள் ராஜினாமாக் கடிதம் வந்தது. மரியாதையான கடிதம், காரணம் எழுதாத கடிதம். மில்காரர்கள் இன்னொரு வாய்ப்புக் கொடுத்து இருபது நாள் கழித்து வரச் சொல்லியிருந்தார்கள். கதிர்வேல் போனால் பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று தெரிந்த ஆள் எங்களிடம் கிடையாது. அவனோடு இன்னும் இரண்டு பேர் கிளம்புவார்கள் என்றும் தெரியும். அதோடு கம்பெனி முடிந்தது. கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு நேராகப் போய் அவர் மேசை முன்னால் நின்று சாவி கேட்டேன்.

"எதுக்குங்க சார்?"

"மேடம், கதிர்கிட்ட நீங்க பேசுங்க. நீங்க சொன்னாக் கேப்பான்."

"என்னன்னு சொல்லோணுமுங்க?"

"இருக்கச் சொல்லுங்க."

"அவரு ஏன் போறாரு?"

"தெரியல. பெங்களூர்ல ஏதாவது..."

அவர் ஸ்டூலை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சும்மா இருந்தார். இரண்டு நிமிடம் தாங்கினேன். பிறகு எண்ணை மாற்றியது, வாய் திறந்தது, தோளில் தட்டியது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"இதுக்கு நான் போனா, நீங்க பண்ணுனது ஒண்ணு, அதைச் சொல்லறதுக்கு ஆள் உட்டது ரெண்டுன்னு ஆயிரும். நீங்க போங்க."

ஞாயிற்றுக்கிழமை சென்னிமலைக்குப் போனேன். ரோட்டிலிருந்து மலைமேல் கோயில் தெரிந்தது. காரிலிருந்தபடியே முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டேன். கதிர்வேலின் அம்மா, "ஏனுங்க, மொதல்ல கை கழுவுங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்று தட்டு வைத்துவிட்டார். மன்னிப்புக் கேட்க வந்தவனுக்கு ஆறு இட்லி. "உங்களப் பத்தி எங்க கதிரு நல்லாத்தான் சொல்லுவானுங்க" என்று ஏழாவது வைத்தார். ஏழாவதைத் தட்டிலேயே வைத்தேன். ஒருவழியாக, "அன்னைக்கு மில்லுல நான் பண்ணுனது தப்பு கதிர்" என்றேன்.

"அட, பரவால்லீங்க சார். அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றான். "காப்பி சாப்பிடறீங்களா?"

திங்கட்கிழமை காலை வெற்றியோடு ஆபீஸுக்குள் நுழைந்தேன். "மேடம், முடிஞ்சுது! ஒண்ணுமில்லேன்னு சொல்லிட்டான்!"

"லெட்டரத் திருப்பி வாங்கீட்டாருங்களா?"

"அது... இல்ல."

"அன்னைக்கு எங்க வெச்சுச் சொன்னீங்க?"

"மில்லுல."

"அப்ப ஆரு ஆரு இருந்தாங்க?"

எண்ணிச் சொன்னேன். மேனேஜர், இரண்டு சூப்பர்வைசர்கள், மெயின்டனன்ஸ் பிட்டர், தரம் பார்க்கும் ஓர் அம்மா, ஏணியில் நின்று ஒயரிங் பார்த்த எலக்ட்ரீஷியன். ஆறு பேர்.

"சென்னிமலைல ஆரு இருந்தாங்க?"

"அவங்கம்மா."

"கதிரு வேலை தெரியாதவருன்னு அவங்கம்மாவா நெனச்சுட்டு இருக்கறாங்க?"

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவருடைய ஸ்டூலில். அவர் நின்றுகொண்டு தொடர்ந்தார். "அவரு இனி எந்த மில்லுக்குப் போனாலும், டெஸ்ட் பண்ணாத பையன் வாறான்னுதானுங்க பாப்பாங்க. சொன்ன எடத்துலயே போய்ச் சொல்லோணும்."

"சொன்னா ஆர்டர் போயிரும் மேடம்."

"போகலாமுங்க."

"கம்பெனியே போயிரும்."

"அதுவும் போகலாமுங்க. நான் கூட வாரேன். ஆனா உள்ள வரமாட்டேன். நான் நின்னா எம்பட மூஞ்சியப் பாத்துச் சொல்லுவீங்க."

குறித்த நாள் காலையில் கதிர்வேல் பைக்கில் முன்னால் போய்விட்டான். நோட்டீஸ் காலத்தில் இருந்தாலும் வேலையில் குறைவைக்காதவன். நான் காரில், பின் சீட்டில் அவர், டிக்கியில் நீல ஸ்டூல். வழி முழுவதும் வாக்கியங்களை மனப்பாடம் செய்தேன். ஒரு இடத்தில் வண்டி பஞ்சர் ஆகாதா என்று ஆசைப்பட்டேன். ஆகவில்லை. நல்ல டயர், நான் வாங்கியதுதான்.

மில்லுக்குள் போனதும் மேனேஜரிடம், அன்று இருந்த எல்லோரையும் கொஞ்சம் கூப்பிட முடியுமா என்று கேட்டேன். வந்தார்கள். மில்லுக்குள் ஒரு சங்கடம் உண்டு. அத்தனை மெஷின் இரைச்சலில் மெதுவாகப் பேச முடியாது. மன்னிப்பாக இருந்தாலும் கத்தித்தான் கேட்க வேண்டும்.

"அன்னைக்கு நடந்தது கதிர் தப்பில்லீங்க!" என்று கத்தினேன்.

ஒரு சூப்பர்வைசர் காதில் கைவைத்து, "என்னங்க?" என்றார்.

"கதிர் தப்பில்லீங்க! நம்பரை மாத்துனது நான்! உங்க முன்னால பெட்டி கூவட்டும்னு மாத்துனேன்! யாருகிட்டயும் சொல்லல! அப்புறம் பயத்துல இவர்மேல போட்டுட்டேன்! இவர் எழுதுனதுல ஒரு தப்பும் இல்ல!"

மனப்பாடம் செய்த எதுவும் இதில் இல்லை. கால் ஆடிக்கொண்டிருந்தது. நல்லவேளை, மில்லுக்குள் தரையே ஆடுவதால் யாருக்கும் தெரிந்திருக்காது. தரம் பார்க்கும் அம்மா கதிர்வேலைப் பார்த்தார். பிட்டர் என்னைப் பார்த்தார்.

"அப்ப இனி உங்க பெட்டி கூவுனா நான் எப்புடிங்க நம்பறது?" என்று கேட்டார் மேனேஜர். நியாயமான கேள்வி.

"நம்ப வேண்டாமுங்க. ஒவ்வொரு தடவை கூவறப்பவும் நான் நேர்ல வாரேன். மோட்டாரத் தொட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

என் விளம்பர வாசகத்தை நானே கிழித்துப்போட்டது பிறகுதான் உறைத்தது. மேனேஜர், மில் முழுவதும் என்ற பேச்சு இப்போதைக்கு வேண்டாம், எட்டுப் பெட்டி மட்டும் மூன்று மாதம் ஓடட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் எதிர்பார்த்து வந்தது அதுவல்ல.

கதிர்வேல் மோட்டார் பக்கத்தில் குனிந்து பெட்டியைத் திறந்தான். கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலே கையை நீட்டி, "சார், இந்த டார்ச்சைக் கொஞ்சம் புடிங்க" என்றான். பிடித்தேன். எட்டுப் பெட்டிக்கும் பிடித்தேன். ராஜினாமாக் கடிதத்தைத் திரும்பக் கேட்டு அவன் என் அறை வாசலில் வந்து நின்றது அதற்கு எட்டு நாள் கழித்து. அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. ஆர்டர் போயிற்று, ஆளும் போகப்போகிறான், ஆனால் கால் ஆடுவது மட்டும் நின்றுவிட்டது என்பதுதான் தெரிந்தது.

வெளியே கேட்டுக்குப் பக்கத்தில், வாட்ச்மேன் கூண்டு நிழலில் ஸ்டூலைப் போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். அதற்குள் வாட்ச்மேனின் மகள் எந்தக் காலேஜில் படிக்கிறாள் என்பதுவரை தெரிந்துவைத்திருந்தார். நான் காரை எடுத்துவந்து பக்கத்தில் நிறுத்தினேன்.

"சொல்லிப்போட்டீங்களா?"

"சொல்லிப்போட்டேனுங்க."

"எல்லாத்துகிட்டயுமா?"

"ஆமாங்க. மேனேஜர், ரெண்டு சூப்பர்வைசரு, பிட்டரு, அந்தம்மா."

அவர் விரல் மடக்கியதை நான் பார்த்தேன். ஐந்தாவது விரலோடு நின்றது. "அன்னைக்கு ஆறுன்னீங்க."

"எலக்ட்ரீஷியன் இல்லீங்க. அவருக்கு இன்னைக்கு ரெண்டாவது ஷிப்ட்டாம். ரெண்டு மணிக்குத்தான் வருவாராம்."

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு ஐம்பது. ஸ்டூலிலிருந்து எழவில்லை. பத்திரிகை வைக்கும்போது ஒரே ஒரு வீட்டை விட்டுவிட்டால் அந்த ஒரு வீடு எத்தனை வருடம் பேசும் என்பது எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"மத்தவங்க அவருகிட்டச் சொல்லிருவாங்க மேடம்" என்றேன்.

சொன்ன பிறகு என் காதில் அது எனக்கே கேட்டது. அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்.

என்ஜினை அணைத்தேன். இறங்கிக் கதவைச் சாத்தினேன்.

"ஏனுங்க," என்று வாட்ச்மேனிடம் கேட்டேன், "இன்னொரு ஸ்டூல் இருக்குங்களா?"